மூன்று ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள்: ஒரு தொடக்கப்பள்ளி கற்றல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த விதம்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தின் நூற்பாலைப் பகுதியில் அமைந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், 2022–23 கல்வியாண்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளியின் பெயரையும் அதில் பங்குகொண்டவர்களின் பெயர்களையும் அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன். தொடக்கக் கல்வியில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், மென்பொருளைத் தெரிவு செய்ய அமைக்கப்பட்ட சிறு குழுவுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்னையும் அழைத்திருந்தது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 61 முதல் 90 மாணவர்கள்வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள். இந்தப் பள்ளியும் அந்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆக, ஐந்து வகுப்புகளை மூவர் நடத்த வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் அந்த முறையை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமையாசிரியை ஒருவர் பொறுப்பில், ஒரே அறையில் இருந்தன. திட்டம் அப்போது அந்த இரு வகுப்புகளுக்கும் வரவில்லை. அடுத்த கல்வியாண்டில்தான் நீட்டிக்கப்பட்டது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் நான்காம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். இரண்டாம் வகுப்பு முழுவதையும் பள்ளிக்கு வராமலே கடந்தார்கள். தமிழகத்தில் தொடக்கப்பள்ளிகள் மறுபடி திறந்த 2021 நவம்பர் 1 அன்று அவர்கள் நேராக மூன்றாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் இருந்தது. அதுவும் ஷிப்டு வேலைக்குப் போகும் தந்தையுடனோ தாயுடனோ ஆலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி அவர்களில் சிலரைச் சென்றடைந்தது, எல்லாரையும் அல்ல.

இந்தச் சூழலில் முன்னாள் மாணவர்கள் சிலர் தாங்கள் பயன்படுத்திய மடிக்கணினிகளைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அவற்றில் சில, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது பெற்றவை. கணினிகள் வந்து சேர்ந்த செய்தி பரவியதும், ஒரு தனியார் நிறுவனத்தின் பிரதிநிதி பள்ளிக்கு வந்து தமது கற்றல் தொகுப்பை முதல் ஆண்டு கட்டணமின்றித் தருவதாகவும், அடுத்த ஆண்டிலிருந்து மாணவர்வாரியாகக் கட்டணம் செலுத்தலாம் என்றும் சொன்னார். உடனே ஒப்புக்கொள்ளலாம் என்று மேலாண்மைக் குழுவில் பலர் கருதினார்கள். தலைமையாசிரியை ஒரு மாத அவகாசம் கேட்டார்.

மென்பொருளைப் பார்க்குமுன் பிள்ளைகளைப் பார்த்தது

அந்த மாதத்தின் முதல் பகுதியில் நாங்கள் எந்த மென்பொருளையும் திறக்கவில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, ஒரு பத்தியை வாசிக்கவும் சில கணக்குகளைப் போடவும் சொல்லி, அவர்கள் செய்வதை அருகிலிருந்து பார்த்தோம். முழு நடவடிக்கையிலும் மிகுந்த பயன் தந்தது இதுதான் என்பது என் கருத்து.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னபோது நான்காம் வகுப்பில் பலர் 35 என்று எழுதினார்கள். அது கவனக்குறைவால் வந்த பிழையன்று. ஒரு சிறுமியிடம் எப்படிப் போட்டாய் என்று கேட்டபோது, ஒன்றாம் இடத்தில் விரலை வைத்து, “ஏழுல ரெண்டு போனா அஞ்சு” என்றாள். பிறகு பத்தாம் இடத்துக்கு நகர்ந்து, “அஞ்சுல ரெண்டு போனா மூணு” என்றாள். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும் என்பதை விட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே விதி என்று அவள் தனக்குத்தானே ஒரு முறையை வகுத்துக்கொண்டு, அதைத் தவறாமல் கடைப்பிடித்தாள். ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் கழிக்கும் இனமாற்றம், இரண்டாம் வகுப்பில் குச்சிக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கற்க வேண்டிய பாடம். அந்த இரண்டாம் வகுப்புதான் இவர்களுக்கு நடக்கவேயில்லை. ஐந்தாம் வகுப்பிலும் இதே பழக்கம் மூன்றிலக்க எண்களுக்குத் தாவியிருந்தது: 403இலிருந்து 128 போனால் 325 என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

வாசிப்பில் இரண்டு கூட்டத்தார் தெரிந்தார்கள். எழுத்துக் கூட்டி மெல்ல வாசிப்பவர்கள் ஒரு சாரார். அவர்களுக்குப் பழக்கம் போதும். கெ, கே, கை ஆகியவற்றையே பிரித்தறியாமல் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பவர்கள் மற்றொரு சாரார். இவர்களைத் தவிர, வட மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் தமிழ் பேசிப் புரிந்துகொண்டார்கள். எழுத்து அவர்களுக்குப் புதிது.

மூன்றாவதாக, தலைமையாசிரியையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதையும் குறித்துக்கொண்டோம். நான்காம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது ஐந்தாம் வகுப்பு கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்; பிறகு மாறும். எழுதி முடித்தவர்கள் எழுந்து வருவார்கள், நோட்டைக் காட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பற்றிப் புகார் சொல்வார்கள். பின்தங்கியவர்களை ஐந்தாறு பேராக அழைத்துத் தனியே உட்கார்த்திச் சொல்லித்தர அவருக்கு ஒரு நாளில் தொடர்ச்சியாகக் கால்மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

எனவே குழுவின் கேள்வி மாறியது. எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதை விட்டு, ஆசிரியர் உடனில்லாமல் ஒரு வகுப்பு இருபது நிமிடம் பயனுள்ளதாக ஈடுபட எது உதவும், பிள்ளை தவறு செய்யும்போது அது என்ன செய்கிறது என்ற இரண்டையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டவை

தனியார் தொகுப்பு முதலாவது. காணொலிப் பாடம், அதைத் தொடர்ந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள், சரியான விடைக்கு நட்சத்திரம், மாதந்தோறும் ஆசிரியருக்கு ஓர் அறிக்கை என்ற அமைப்பு. இணைய இணைப்பு தேவை.

இரண்டாவது, கட்டணமற்ற கட்டற்ற மென்பொருள்கள், அதாவது எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியவை. 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தால் பராமரிக்கப்படும் ஜிகாம்ப்ரி, இரண்டு முதல் பத்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளைக் கொண்டது. நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. வரைவதற்கான டக்ஸ் பெயின்ட், வேகக் கணக்குக்கான டக்ஸ் மேத் ஆகியவற்றையும் பார்த்தோம். ஒரு கணினியில் பாடப் பொருள்களைச் சேமித்து வைத்து, இணையமின்றிச் சுற்றியுள்ள கணினிகளுக்கு வழங்கும் கோலிப்ரியும் பட்டியலில் இருந்தது. அதற்கான பொருள்களைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தி வைக்க ஒருவர் தொடர்ந்து நேரம் செலவிட வேண்டும். பள்ளியில் அதற்கு ஆள் இல்லாததால் அதை விரைவிலேயே ஒதுக்கிவைத்தோம்.

மூன்றாவது, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் ஒரு கைப்பேசிச் செயலி.

சோதனையில் கண்டவை

பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, பெரியவர்கள் வாய் திறப்பதில்லை என்ற ஒரே விதியுடன் ஒவ்வொன்றையும் பயன்படுத்தச் சொன்னோம். விற்பனைப் பிரதிநிதி இயக்கிக் காட்டும்போது மென்பொருள் ஒருபோதும் தவறான விடையைச் சந்திப்பதில்லை. பிள்ளை கையில் போனதும்தான் அதன் இயல்பு தெரிகிறது.

தனியார் தொகுப்பின் படங்களும் குரலும் நேர்த்தியாக இருந்தன. கழித்தல் பாடத்தில் 52 − 27 போன்றதொரு வினா வந்து, 25, 35, 39, 79 என்ற விடைகளைத் தந்தது. மேலே சொன்ன சிறுமி 35ஐத் தொட்டாள். திரை சிவந்து, மீண்டும் முயற்சி செய் என்றது. அடுத்து 39, பிறகு 25. பச்சை வந்தது, நட்சத்திரமும் வந்தது. அதற்கடுத்த வினாவில் அவள் கணக்கைப் பார்க்கவேயில்லை. விடைகளை மேலிருந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனாள். பாடத்தின் முடிவில் அவள் பெயருக்கு எதிரே “நிறைவு” என்று பதிவாகியது. ஆசிரியருக்குப் போகும் அறிக்கையிலும் அதுவே இருந்தது. அவள் ஏன் 35 என்று நினைத்தாள் என்பதை அறியக்கூடிய ஒரே சான்று அந்த முதல் தொடுகை. அதை அந்தத் தொகுப்பு எங்கும் காட்டவில்லை.

வேறு இரண்டு குறைகளையும் பதிவு செய்தோம். ஐந்தாம் வகுப்புப் பயிற்சிகள் சிலவற்றில் 1,00,000 என்பது 100,000 என்று அச்சாகியிருந்தது. இலட்சத்தை இடமதிப்போடு கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தக் காற்புள்ளியின் இடம் சிறிய விஷயமன்று. சில திரைகளில் ஒற்றைக் கொம்பு எழுத்தை விட்டுத் தனியே நின்று, கொடி என்ற சொல் சிதைந்து தெரிந்தது. வாசிக்கத் தெரிந்தவர் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவார். கெ, கே வேறுபாட்டிலேயே தடுமாறும் பிள்ளை, தான் பார்ப்பதுதான் சரியான வடிவம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஜிகாம்ப்ரி எந்த ஒரு நாட்டின் பாடத்திட்டத்தையும் ஒட்டி எழுதப்பட்டதன்று. நம் பாடநூலின் மூன்றாம் பருவத்துக்கு எது என்று தேடினால் கிடைக்காது; ஆசிரியரே செயல்பாடுகளைத் தெரிவு செய்து, கடின நிலையை வரையறுத்துக் கொடுக்க வேண்டும். அதே வேளையில் அதன் செயல்பாடுகள் பலவற்றில் வாசிப்பதற்கு அதிகம் இல்லாததால், தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளும் மற்றவர்களுக்கு இணையாக அதில் ஈடுபட்டார்கள். டக்ஸ் மேத் விளையாட்டில் மேலிருந்து கணக்குகள் விழுந்துகொண்டே இருக்கும். வாய்ப்பாடு தெரிந்த ஐந்தாம் வகுப்பினர் அதை விரும்பினார்கள். கழித்தலே புரியாதவரை நேரத்தோடு போட்டியிட வைப்பது அவருக்குப் பதற்றத்தையே கொடுக்கும் என்பதால் நான்காம் வகுப்புக்கு அது வேண்டாம் என்றோம்.

வாசிப்புச் செயலியை வகுப்பறையில் பயன்படுத்த முடியவில்லை. நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் எந்தக் குரலை அது கேட்கிறது என்றே தெரியவில்லை. அமைதியான இடத்திலும், மழையை “மள” என்று வீட்டில் சொல்லிப் பழகிய பிள்ளையை ஒரு முறை ஏற்றது, மறுமுறை நிறுத்தியது. சரியாகப் புரிந்து வாசித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் அதே சொல்லில் பலமுறை தடுக்கப்பட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டே போய்க் கடைசியில் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

முடிவும் அதற்கான காரணங்களும்

கணினிகளில் ஜிகாம்ப்ரியையும் டக்ஸ் பெயின்ட்டையும் நிறுவுவது, ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் டக்ஸ் மேத்தைச் சேர்ப்பது, தனியார் தொகுப்பை இந்த ஆண்டு ஏற்காதிருப்பது என்று குழு பரிந்துரைத்தது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இது எளிதில் ஏற்கப்படவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய் எழுந்து கேட்டார்: “அந்தப் பிரைவேட் ஸ்கூல்ல காசு குடுத்து வாங்கினதைப் போடுறாங்க. எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் சும்மா கிடைக்கிறதாங்க டீச்சர்?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது மட்டமானது என்ற அனுபவம் அவருக்கு வாழ்க்கையில் பலமுறை நேர்ந்திருக்கும். தலைமையாசிரியை விளக்கம் சொல்லவில்லை. இரண்டு கணினிகளைக் கூட்டத்துக்கே எடுத்துவரச் செய்து, அந்தத் தாயின் மகனையே இரண்டிலும் உட்காரவைத்தார். முதல் கணினியில் பையன் விடைகளை வரிசையாகத் தொட்டு நட்சத்திரம் சேர்த்தான். இரண்டாவதில் பட்டியல் போட்டுத் தராததால் விடையை அவனே எண்ணால் உள்ளிட வேண்டியிருந்தது. நின்றான், விரல்விட்டு எண்ணினான், தவறாகப் போட்டு மறுபடி எண்ணினான். அந்தத் தாய் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஒரு வருஷம் பார்க்கலாம், ஆனால் என்ன நடந்தது என்று மார்ச்சில் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். அந்த நிபந்தனையைத் தீர்மானத்தில் எழுதிக்கொண்டோம்.

கட்டணமும் ஒரு காரணம்தான். இரண்டாம் ஆண்டில் பணம் இல்லாமல் நிறுத்த நேர்ந்தால் பிள்ளைகளின் பதிவுகள் என்னவாகும் என்று பிரதிநிதியிடம் கேட்டதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லை. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றைப் பதிவின்போதே கேட்டதும் எங்களுக்கு உவப்பாக இல்லை.

நடைமுறைப்படுத்தியது

அருகிலுள்ள பாலிடெக்னிக் மாணவர்கள் இருவர் கணினிகளைச் சுத்தம் செய்து மென்பொருள்களை நிறுவிக் கொடுத்தார்கள். பல கணினிகளின் பேட்டரி செயலிழந்திருந்ததால் மின்சாரம் போனால் எல்லாம் அணைந்துவிடும். பிற்பகலில் மின்தடை அடிக்கடி வந்ததால் கணினி நேரத்தைக் காலைக்கு மாற்றினோம். ஒலியை முற்றிலும் நிறுத்திவைத்தோம். பக்கத்து வகுப்பின் பாடம் கெடாமல் இருக்க வேறு வழியில்லை.

ஒரு கணினிக்கு இருவர். திரையில் வரும் கணக்கை முதலில் நோட்டில் எழுதி, குச்சிப் படம் வரைந்து போட்ட பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும் என்பதைத் தலைமையாசிரியை விதியாக்கினார். தவறு வந்தால் நோட்டில் அடிக்கக் கூடாது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். மாலையில் அந்த நோட்டுகளைப் புரட்டினால் யார் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எந்த அறிக்கையையும்விட எனக்கு அந்த நோட்டுகள்தான் பெரிதாகப்பட்டன.

முதல் வாரங்களில் ஒவ்வொரு இணையிலும் துணிச்சலான ஒருவரே மௌஸைப் பிடித்துக்கொண்டார். ஒரு கணக்கு முடிந்ததும் நாற்காலி மாற வேண்டும் என்று வைத்ததும் அது குறைந்தது. வட மாநிலப் பிள்ளைகள் டக்ஸ் பெயின்ட்டில் தங்கள் ஊர் வீடு, குளம், ரயில் என்று வரைந்தார்கள். கோப்புக்குப் பெயர் கேட்காமல் சேமிக்கும் மென்பொருள் அது என்பதால் எழுத்தறியாமை அவர்களைத் தடுக்கவில்லை. வரைந்ததன் பெயரைப் பக்கத்தில் அமர்ந்த தமிழ்ப் பிள்ளை நோட்டில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து இவர்கள் எழுதினார்கள். இதை யாரும் திட்டமிடவில்லை.

பின்விளைவுகள்

மார்ச் மாதம் அதே பிள்ளைகளை அதேபோல ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தோம். முன்பு 35 என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் இப்போது பத்தைப் பிரித்துக் கழித்தார்கள். சிலர் குச்சிக் கட்டு கையில் இருந்தால் மட்டும் செய்தார்கள். ஓரிருவர் பழைய விதியிலேயே இருந்தார்கள். 403 போல நடுவில் சுழியம் வரும் எண்கள் ஐந்தாம் வகுப்பில் இன்னும் பலருக்குச் சிக்கலாகவே இருந்தன.

இந்த முன்னேற்றத்தை மென்பொருளின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. ஐந்தாம் வகுப்பு கணினி முன் இருந்த அந்த இருபது நிமிடத்தில்தான் தலைமையாசிரியை நான்காம் வகுப்பின் ஐந்தாறு பேரைத் தரையில் உட்காரவைத்துத் தீக்குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டினார். அடுத்த இருபது நிமிடத்தில் இரு வகுப்புகளும் இடம் மாறின. பிள்ளைகளுக்கு இனமாற்றத்தைக் கற்பித்தவர் அவர். அதற்கான நேரத்தைக் கணினிகள் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தன. அந்த நேரம் எந்தத் தொகுப்பின் விளம்பரத்திலும் சொல்லப்படுவதில்லை. ஆனால் மூன்று ஆசிரியர் உள்ள பள்ளிக்கு அதைவிட அரிய பொருள் வேறில்லை.

எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள் சற்று வேகம் பெற்றார்கள். எழுத்தே அறியாதிருந்தவர்களிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை இதை அப்படியே சொன்னார்.

மாற்ற வேண்டியவை

முதலாவதாக, தெரிவுக் குழுவில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர்கள் இடம்பெறவில்லை. ஆண்டின் நடுவில் அவர்களும் கணினி நேரம் கேட்டபோது, மௌஸை இழுத்துப் பழகாத சிறு குழந்தைகளுக்கு எந்தச் செயல்பாடு பொருந்தும் என்று எவரும் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. இனி அவர்களில் ஒருவராவது சோதனையின்போதே உடனிருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது.

இரண்டாவதாக, நன்கொடையாக வரும் பணத்தை முதலில் பேட்டரிக்கும் மௌஸுக்கும் செலவிட வேண்டும். ஆண்டு முழுவதும் எங்களைத் தடுத்தவை அவைதாம். பாலிடெக்னிக் மாணவர்கள் படிப்பு முடித்துப் போனபின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவதாக, தகவல் பாதுகாப்பு. எங்கள் முடிவு எடுக்கப்பட்டபோது அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. எனவே எந்த நிறுவனம் வந்தாலும் என்ன தகவல் திரட்டப்படுகிறது, எங்கே வைக்கப்படுகிறது, நிறுத்தினால் எப்போது அழிக்கப்படும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற்ற பிறகே மென்பொருளைத் திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். அவற்றோடு, பிள்ளையின் முதல் விடை ஆசிரியருக்குக் காட்டப்படுமா என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறோம்.

எழுத்தறியாத பிள்ளைகளுக்கு மென்பொருள் தேடுவதைக் குழு கைவிட்டது. அவர்களுக்காக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வாரத்தில் சில காலைகள் பள்ளிக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள்; அந்த ஏற்பாட்டை அடுத்த மார்ச்சில் மேலாண்மைக் குழு பரிசீலிக்கும்.